மண்ணெண்ணெயில் கழுவிய ரப்பர்

மார்ச் 4, செவ்வாய்

முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிரம் இறுகிப்போயிருந்தது, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம். உள்ளே சிலிண்டர் முழுக்கத் துரு. ஐம்பது வருடத்துக் கார், பதினோரு வருடம் ஷெட்டில் நின்றது, வேறென்ன இருக்கும்? கார் கையேட்டில் பிரேக் பிரிக்கும் பக்கத்தை மறுபடி படித்தேன். நான்காம் முறை. நாற்பது வருடம் நில வரைபடம் வரைந்தவன் பிரேக்கில் கை வைக்கலாமா?

மைத்துனன் எட்டிப் பார்த்தான். “அத்தான், போல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி அதுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறீங்களா?” ஞாயிறன்று தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் இந்தக் காரில் மலைக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்டா கொடுத்தான்? இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 5, புதன்

நான்கு சக்கரத்துச் சிலிண்டர்களையும் துரு போகத் தேய்த்தேன். புது ரப்பர் கப்புகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். பெடலை மிதிக்கும்போதும் விடும்போதும் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் நகர்பவை. ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. துணியில் வரிசையாகப் பரப்பித் துடைத்தேன். “வீட்டுப் பாத்திரத்தை இப்படி ஒரு நாள் கழுவியிருந்தா நான் கோயில் கட்டியிருப்பேன்” என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

நான்கு சக்கரமும் மாட்டியாயிற்று. மனைவி பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்தேன். “மிதி.” “மிதிச்சிட்டேன்.” “விடு.” “விட்டாச்சு. கல்யாணமான நாள்லேருந்து நீங்க எனக்கு இவ்வளவு உத்தரவு போட்டதே இல்லை.”

தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறது! தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

உதிரிபாகக் கடைக்கு நன்றி சொல்லப் போனேன். மண்ணெண்ணெய் என்றதும் கடைக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “அந்த ரப்பருக்கு அது ஆகவே ஆகாது சார். ஊதிடும். பிரேக் ஆயில்லயேதான் கழுவணும்.”

“வண்டி நல்லா நிக்குதே?”

“இன்னைக்கு நிக்கும். ஊதிட்டா பிரேக் பிடிச்சது விடாது. அப்படியே ஓடிச் சூடாகும். மலை இறக்கத்துல ஆயில் கொதிச்சதுன்னா பெடல் பொதுக்குனு தரைக்குப் போயிடும்.”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கையேட்டில் இருக்கிறது, தடித்த எழுத்தில், அடுத்த பக்கத்தில். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தவனுக்கு அடுத்ததைத் திருப்பத் தோன்றவில்லை.

மனைவியிடம் சொன்னேன். “நீங்க சந்தேகப்படாத நாள் எது? தம்பி நம்பணுமே” என்றாள்.

மார்ச் 8, சனி

மைத்துனனிடம் சொல்லிவிடப் போனை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே பைகளோடு வந்துவிட்டார்கள். சின்னவள் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“சாவி, அத்தான்.”

“பிரேக் சரியில்லை. ரப்பரைத் தப்பாக் கழுவிட்டேன். தப்பு என்னோடது.”

“ஆரம்பிச்சிட்டீங்களா! வியாழக்கிழமை நல்லா நின்னுச்சுன்னு அக்கா சொன்னாளே? மெதுவா ஓட்டறேன், குடுங்க.”

“தர மாட்டேன்டா!”

என் குரலா அது? எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவனை நான் ‘டா’ போட்டதே கிடையாது. பஸ்ஸுக்கு நடந்தார்கள், சின்னவள் அழுதுகொண்டே. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காதோ?

மார்ச் 11, செவ்வாய்

பிரித்தேன். கப்புகளின் விளிம்பு காளான் மாதிரி விரிந்திருக்கிறது. விரலால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. நான் சொன்னது சரிதான் என்று ஒரு திருப்தி வர வேண்டுமே — வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்சீட்டில் அந்தக் குழந்தை…

“தம்பிகிட்டக் காட்டலாமே” என்றாள் மனைவி. எதைக் காட்ட? என் முட்டாள்தனத்தையா?

மார்ச் 14, வெள்ளி

குழாய்களைக் கழுவி, எல்லாம் புதிதாக மாட்டினேன். இந்த முறை அத்தியாயம் முழுவதையும் படித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மைத்துனன் வந்தான். அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள். ஷெட் வாசலிலேயே நின்றான்.

“இந்தத் தடவை எதுல குளிப்பாட்டினீங்க?”

“பிரேக் ஆயில்ல.”

“ம்.” உள்ளே வந்து டயரைக் காலால் தட்டினான். “வாங்க, இறக்கத்துல பாப்போம்.”

தண்ணீர்த்தொட்டி மேட்டிலிருந்து மூன்று முறை இறக்கினேன். ஒவ்வொரு முறையும் நின்று நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம். சூடு அதிகமில்லை. நான்காவது முறை சாவியை அவனிடம் கொடுத்தேன். அவன் எப்போதும்போல வேகமாகத்தான் இறக்கினான்.

யார் ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்தால் என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தானாகவே தரையை அழுத்தும். பாதி இறக்கத்தில் குனிந்து பார்த்தேன். கால் சும்மா இருந்தது.