சோறு வேண்டாம் கூட்டத்தில் சேர்வதா என்ற விசாரணை

திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடை ஒஃபிஸில்.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். நேற்று கட்டுகஸ்தோட்டையில் கல்யாணம். சாப்பிட்டு முடித்து எழுந்தேன். பிளாஸ்டிக் கதிரையும் கூடவே எழுந்தது. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் நான், இறுக்கமாக. ஒருவர் கதிரையைப் பிடிக்க, இன்னொருவர் என்னைப் பிடிக்க, பெண் வீட்டார் முன்னிலையில் பிரசவம். வீடியோக்காரன் விடாமல் எடுத்தான். நாசமாய்ப் போவான்.

இன்று ஒஃபிஸ் முழுக்கத் தெரியும். எதிர் மேசை தயாளினி, யாழ்ப்பாணத்துக்காரி, சிரிக்காமல் சொன்னாள்:

"அண்ணை, நானும் உப்பிடித்தான் இருந்தனான். சோத்தை விட்டன், எல்லாம் சரி. எங்கட குறூப்பில சேருங்கோவன்."

சோறு, பாண், சீனி கூடாது. முட்டை, இறைச்சி, வெண்ணெய் எவ்வளவும். கண்டியில் இப்போது இதே பேச்சு.

நானும் அவளும் சீனி வருத்தத்துக்கு ஒரே கிளினிக். போன முறை டொக்டர் என்னிடம் சொன்னது: அடுத்த மாதமும் இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் மாத்திரை போதாது, ஊசிதான். தினமும். வயிற்றில். எனக்கு நாய்க்குப் பயமில்லை, மனைவிக்குக் கொஞ்சம், ஊசிக்கு நிறைய.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர மாட்டேன். விசாரிப்பேன்.

செவ்வாய்

இந்த டயட் பற்றி வீடியோ பார்த்தேன். ஒரு மனிதர் காருக்குள் உட்கார்ந்து கத்துகிறார். தடை: சோறு, இடியப்பம், ரொட்டி, பருப்பு, பலாக்காய், மரவள்ளி, வாழைப்பழம். செத்துப்போன சொந்தக்காரர் பெயர்களை வாசிப்பது போல இருந்தது. அனுமதி: கோப்பிக்குள் வெண்ணெய். இது குடிப்பதற்கா, கதவுக் கீலுக்கு ஊற்றுவதற்கா?

மனைவி சரோஜாவிடம் சொன்னேன்.

"ஆளுக்கொரு சமையல் செய்ய நான் என்ன ஹோட்டலா வச்சிருக்கேன்? ரெண்டாந்தரம் சோறு வாங்காம இருங்க, அது போதும்."

கட்டியவள் பேசுகிற பேச்சா இது?

புதன்

பாலத்தடியில் ஹாஜியாரின் அரிசிக்கடை. இந்த டயட்டைத் தொடங்கி நடுவில் விட்டவர் என்று கேள்வி. கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்தார்.

"வாணாம் தம்பி. பொஞ்சாதி சொன்னான்னு நானும் புடிச்சேன். தலையிடி, வாய் நாத்தம். கஸ்டமர் அரிசி வெல கேட்டா எனக்கு அழுக வருது. அரிசிக்கடைக்காரனே சோறு தின்னாட்டி கடைக்கு பரக்கத் வருமா?"

பிளேன்டீயும் கருப்பட்டி போட்ட தொதலும் வந்தன. சாட்சியை மதிக்க வேண்டும். சாப்பிட்டேன்.

வெள்ளி

தூறல். கோயில். குறூப் பெண்கள் வரிசையாக, தயாளினி முன்னால். பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல். தூணுக்குப் பின்னால் மறைந்து பார்த்தேன் (தூண் போதவில்லை). வாங்கினாள். விழுங்கினாள். மறுபடியும் கை நீட்டினாள்!

"தயாளினி, இது சோறில்லையா?"

"பிரசாதம் அண்ணை. வேண்டாமெண்டு சொல்லக்கூடாது."

"ரெண்டாவது?"

"அது அவருக்கு."

அவள் கணவருக்கு வேலை கொழும்பில்.

ஞாயிறு

பன்வில. மழை, குளிர், அட்டைக்கடி. சரோஜாவின் அண்ணன், என் மச்சான், தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சொந்தத்தில் இந்த டயட்டுக்கு அவர்தான் விளம்பரம்.

"ஆறு கிலோ எறங்கிட்டேன் மச்சான்!"

சட்டைப் பொத்தான் அப்படிச் சொல்லவில்லை. எங்கே எடை பார்த்தீர்கள் என்று கேட்டேன். தொடங்கும்போது கண்டிப் பாமசியில். அப்புறம்? கொழுந்து மடுவத்துத் தராசில். நிறுத்தது யார்? தினம் கொழுந்து நிறுக்கிற ஆள்.

எனக்குப் பொறி தட்டியது. கொழுந்து நிறுத்தால் சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழித்துச் சொல்வது அங்கே கைப்பழக்கம். ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"ஆமாங்க, அன்னைக்கு நல்ல மழைங்க. எப்பவும் போலக் கழிச்சுதாங்க சொன்னேன்."

மச்சான் முகம் செத்துவிட்டது. அவர் மனைவி கொழுந்து பறிப்பவர். விடுவாரா?

"எங்க கொழுந்துல கழிக்கிறப்ப நாங்க கத்துனா காது கேக்காது. ஒங்க தொப்பையில கழிச்சா மட்டும் இனிக்குதோ?"

மச்சான் அங்கேயே டயட்டை விட்டார். கோழிக் குழம்பு. சோறு மூன்று தரம், இருவரும்.

தீர்ப்பு: இது டயட் இல்லை, பைத்தியம். சேர மாட்டேன். பஸ்ஸிலிருந்தே தயாளினிக்கு வொய்ஸ் மெசேஜ், தண்ணீர் கழித்த கதையோடு, பக்கத்து சீட்டுக்காரரும் சிரிக்கும்படி. பதிலுக்கு ஒரு சிரித்த முகம் அனுப்பினாள். தோற்றவள் வேறென்ன அனுப்புவாள்.

அடுத்த மாதம், கிளினிக் நாள்

வெயில். இடையில் எழுதவில்லை. சாப்பிட்டேன்.

சீனி ஏறியிருக்கிறது. ஊசி. டொக்டர் எழுதிவிட்டார், கெஞ்சியும் பயனில்லை. எங்கே குத்துவது என்று நேர்ஸ் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். "எடத்துக்குப் பஞ்சமில்ல சேர்." பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மருந்து வரிசையில் எனக்கு முன்னால் தயாளினி. பொங்கல் கதையையும் தராசுக் கதையையும் ஊரெல்லாம் பரப்பியவன் நான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மெதுவாகச் சொன்னாள்: "நோகாது அண்ணை. எறும்பு கடிச்ச மாதிரித்தான். பயமெண்டா முதல் நாள் நான் வந்து போட்டு விடுறன்."

ஜன்னலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மிஸ், ஒங்களுக்கு இனிமே பாதி மாத்திரைதான். டொக்டர் கொறைச்சிட்டார்."