அறுப்பின் பண்டிகைச் சேவல்

அக்கா,

இன்று காலை ஆராதனையின் நடுவில் ஒரு சேவல் கூவியது. ஏல மேசையின் காலில் அதைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆயர் ஜெபத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார், சபையும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனைக்கும் ஏலம் விடுகிறவன் நான், ஆட்களைச் சிரிக்க வைப்பதுதான் என் வேலை. கால் கட்டிய சேவலைக் கண்டால் உங்கள் நினைப்பு வந்துவிடுகிறது.

நம் அறுப்பின் பண்டிகையை நீங்கள் எப்படிக் கேலி செய்வீர்கள். "அறுக்கறதுக்கு ஆர்கிட்ட தம்பி நிலம் கீது? எல்லாம் ஆவடி மார்க்கெட்ல வாங்கினது." உண்மைதான். வெள்ளானூர்ப் பக்கம் இன்னும் தென்னை வைத்திருக்கும் இரண்டு வீட்டார் தேங்காய் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் காலிஃபிளவரும் கேக்கும். எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருகிற பணத்தில் சபைப் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மூடினால் அப்படிப்பட்ட வீடுகள் கூடும். காலிஃபிளவர் விலை கூடாது. கமிட்டி கூடிக் கூடிப் பேசி, டீ குடித்துக் கலைந்தது. வழி கண்டுபிடித்தது நீங்கள்தான்.

அதுவும் தற்செயலாக. ஒரு பூசணிக்காய்க்கு நீங்கள் நிஜமாகவே விலை கேட்டீர்கள். நீங்கள் அந்தப் பள்ளியில் ஆயா, கணவரை இழந்து ஒரு மகளோடு இருக்கிறவர் என்று சபைக்கே தெரியும். முகப்பேர் ஃப்ளாட்டிலிருந்து காரில் வரும் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஆயாம்மாவே கேட்கும்போது நாம் சும்மா இருப்பதா என்று அவருக்கு ரோஷம். அவர் ஏற்ற, பக்கத்து பெஞ்சுக்காரர் ஏற்ற, அந்தப் பூசணிக்காயில் ஒரு பிள்ளையின் பருவக் கட்டணமே தேறிவிட்டது. வெளியே தண்ணீர் டிரம் பக்கம் வந்து என்னிடம் சொன்னீர்கள்: "பாத்தியா தம்பி, நான் கேட்டா அவங்களுக்குச் சுடுது. சுடட்டும். புள்ளைங்க படிக்கும்."

அதன்பிறகு வருடா வருடம் கையில் காசில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விலையை ஏற்றிவிட்டீர்கள். நான் ஒரு தரம் சொல்வேன், இரண்டு தரம் சொல்வேன். அதற்குள் யாராவது உங்களைத் தாண்டிவிடுவார்கள். நம் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

உங்கள் ஷீபாவுக்கு அந்தப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. ஊழியர் மகள் என்று பள்ளி பாதிக் கட்டணத்தைத் தள்ளியிருந்தது. "ஒரு பிள்ளைக்கு ரெண்டு சலுகை கிடையாதும்மா" என்று கமிட்டி கையை விரித்தது. மீதிப் பாதிக்கு நீங்கள் சீட்டுப் போட்டீர்கள். அவள் நர்ஸ் ஆவாள் என்பீர்கள், ஆகிவிட்ட மாதிரியே.

அவள் பிளஸ் ஒன் படித்த வருடம் என் கம்பெனியும் மூடியது. என் மகனின் கட்டணமும் ஏலத்தை நம்பித்தான் இருந்தது. அந்தப் பண்டிகைக்குப் பாதிக் கூட்டம்தான். கடைசியாக மேசைக்கு ஒரு சேவல் வந்தது. "ஒரு ஞாயித்துக்கிழமையும் தவறாம நேரத்துக்கு எழும்புற ஒரே சபையார் இவர்தான்" என்று தமாஷ் பண்ணினேன். விலை ஏறியது. முகப்பேர்க்காரர் கேட்டார், நீங்கள் ஏற்றினீர்கள். அவர் ஏற்றினார், நீங்கள் மறுபடியும் ஏற்றினீர்கள். சேவல் ஆட்டு விலைக்குப் போய்விட்டது. அவர் குனிந்து ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு தரம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பிறகு சேவலின் கொண்டையைப் புகழ்ந்தேன், இறகைப் புகழ்ந்தேன், தண்ணீர் குடித்தேன். ஒருவரும் மேலே கேட்கவில்லை. கடைசியில் நீங்களே குரல் கொடுத்தீர்கள். "இன்னா தம்பி இழுத்துகினே கீற? முடி." மூன்று தரம் சொன்னேன். கைதட்டினார்கள் அக்கா.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சேவல் கேஸ் சிலிண்டரில் கட்டியிருந்தது.

"வேணாம்னு சொல்லிடுங்கக்கா. ஆயர்கிட்ட நான் பேசுறேன்."

"இன்னான்னு பேசுவ? சும்மா ஏத்தி வுட்டோம்னா? அப்பால நான் வாயத் தொறந்தா எவன் ஏத்துவான்? இத்தினி புள்ளைங்களுக்கு எங்க போவ?" அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பீடத்துக்கு முன்னால கேட்டது தம்பி" என்றீர்கள்.

நீங்கள் கொடுத்தது ஷீபாவின் இரண்டாம் பருவப் பணம். என் மகனுக்கும் அதிலிருந்துதான் கட்டினார்கள்.

கட்டாதவர்களை வகுப்பில் நிற்க வைத்துப் பெயர் வாசிப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஷீபாவின் பெயர் வாசித்த அன்று நீங்கள் ஒரு எல்.கே.ஜி. குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு அதே வராந்தாவில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தீர்கள். ஷீபா நிற்பதை ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்ப்பதை அவளும் பார்த்தாள். என் மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணத்தோடு நான் ஓடி வந்தபோது, வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள்: "அவ இனிமே அந்தப் படி ஏற மாட்டேன்னுட்டா. எடுத்துகினு போ." அடுத்த மாதமே அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டப் போனாள்.

சர்க்கரை உங்கள் கிட்னியைத் தின்று தீர்க்கும் வரையிலும் நீங்கள் கடைசி பெஞ்சுக்கு வந்துகொண்டுதான் இருந்தீர்கள். வருடா வருடம் ஏற்றினீர்கள். எனக்குக் கோபம் அக்கா. அந்த முகப்பேர்க்காரர் மேல் கோபம், கமிட்டி மேல் கோபம், உங்கள் மேலும் கோபம். பிள்ளைகள் படிப்பதற்கு இப்படியா ஒரு வழி இருக்க வேண்டும்?

ஷீபா இப்போது திருவேற்காட்டில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் மகளுக்கு எல்.கே.ஜி. வயது. சபையே முழுக் கட்டணமும் கட்டும் என்று ஆயரிடம் பேசி முடித்துவிட்டு, அவளைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தாள், பொறுமையாகக் கேட்டாள்.

"வேணாம் மாமா. பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூல் கீது, அங்க போவட்டும். நீங்க குடுக்கற காசு எந்தப் புள்ளையோட ஃபீஸோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கேட்டாள்: "உங்க பையன் இன்னா மாமா பண்றான்?" குத்திக் காட்டவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். "ஐ.டி.ல இருக்காம்மா" என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

இன்றைய சேவலைக் கடைசியாகக் கேட்டது புதிதாக வந்த ஒரு அம்மா. உங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு தரம் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தேன். நேராக அவரிடம் போய், "நிஜமாவே வேணுமாம்மா?" என்று கேட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

நீங்கள் போன பிறகு எல்லோரிடமும் இப்படித்தான் கேட்கிறேன், தேங்காய் வாங்குகிறவரிடம்கூட. கேட்காமல் மூன்று தரம் என் வாயில் வருவதில்லை. எல்லோரும் அதைத் தமாஷ் என்றே நினைக்கிறார்கள் அக்கா. நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதில் வரும்வரை நிற்கிறேன்.