முன் இடது சக்கரத்தின் போல்ட்

என் ஆசை மச்சாள் ரஞ்சிக்கு,

உம்முடைய முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடித்தபோது எல்லாரும் ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். தையல் தொழிற்சாலையில் உம்மோடு வேலை செய்த பெண்கள்கூட ஆளுக்கு நாலு வரி எழுதினார்கள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. "மச்சாள்காரிக்கு ஒரு வரி எழுத மனம் வரேல்லைப் பார்" என்று சனம் கதைத்தது என் காதுக்கும் வந்தது. எப்படி எழுதுவேன்? உம்மைக் கொன்றதே நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

உம்முடைய ஆண்டுத் திவசம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. வந்த சனம் எல்லாம் போய்விட்டது. குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். அன்றைக்குக் கதைத்தவர்கள் இதையும் வாசிக்கட்டும். உமக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளும்.

நீர் என் கணவரின் தங்கச்சி. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மல்வேர்னில் எங்களுடைய வீட்டு மேல் அறையில் இருந்து, மில்லிக்கன் பக்கம் வேலைக்குப் போய் வந்தீர். இரண்டு பஸ் மாறிப் போன பெண், ஒருநாள் பின்னேரம் ஒரு பழைய சுபாரு ஸ்ரேஷன் வாகனில் வந்து வாசலில் இறங்கினீர். பச்சை நிறம். கதவின் கீழ்ப்பக்கம் முழுக்க பனிக்கு ரோட்டில் தூவும் உப்பு தின்ற துரு. உம்முடைய அண்ணர் பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்றும் கேட்கிறது.

"உவங்களுக்கு ரயர் வைக்க வேறை இடம் கிடைக்கேல்லையே? எஞ்சினுக்கு மேல வைச்சிருக்கிறாங்கள்!"

"ஏன் அண்ணா, ரயர் சூடாக் கிடக்கட்டும். வின்ரர்தானே" என்றீர்.

நாலடி பத்தங்குலம் நீர். கிளச்சை முழுதாக மிதிக்கக் கால் எட்டவில்லை. அடுத்த நாள் என்னுடைய மரக்கறி வெட்டும் பலகையைக் காணவில்லை. தேடிப் போனால், கராஜுக்குள் அதை அறுத்துத் துளை போட்டுக்கொண்டு இருக்கிறீர். அந்தப் பலகைத் துண்டைக் கிளச் பெடலில் இரண்டு போல்ட் போட்டுப் பூட்டினீர். எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே! பிறகு நீர் என்னை ஏற்றிக்கொண்டு மார்க்கம் வீதியால் ஒரு சுற்று சுற்றிக் காட்டியதும், வேறு பலகை வாங்கிக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

அதோடு எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கராஜுக்குள் போயின. உமக்குக் கை வேலை செய்யும், இங்கிலீசு வாசிக்கத்தான் பஞ்சி, சோம்பல். எனக்கு வாசிக்க வரும், ஸ்பனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. நூலகத்தில் இரவல் எடுத்த கார் திருத்தும் புத்தகத்தை மடியில் வைத்து நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீர் காருக்குக் கீழே படுத்திருந்து "ம்... பிறகு?" என்பீர். நான் ஏதோ கதைப்புத்தகம் வாசிப்பது போலத்தான். ஹீற்றர் விசிறியை மாற்றினோம். துருப்பிடித்த சைலன்சர் குழாயை மாற்றினோம். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேறு ஸ்பிரிங் தேடிப் பூட்டினோம். போகப் போக நானும் கீழே படுக்கப் பழகினேன்.

நவம்பரில் முன் பிறேக்குகளை மாற்றிய அந்த ஞாயிறு உமக்கு நினைவிருக்கும். அந்தக் காருக்கு ஹான்ட் பிறேக்கும் முன் சக்கரத்தில்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பருக்குள் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். நானும் நீரும் ஒரு மணித்தியாலம் தள்ளினோம். அது அசையவில்லை. கடைசியில் புத்தகத்தில் ஒரு சின்ன வரியைக் கண்டு நான் கத்தினேன்.

"மச்சாள், தள்ளாதையும்! ஹான்ட் பிறேக்கும் இதுக்குள்ளதானாம், அதால திருகட்டாம்! ஸ்குறூ மாதிரித் திருகினால்தான் உள்ள போகுமாம்!"

"உந்த வரியை ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி வாசிச்சிருக்கலாமே?"

இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

வலது பக்கத்தை நீர் முடித்தீர். இடது பக்கத்தை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கலிப்பரை இடத்தில் வைத்து, அதைப் பிடித்து வைக்கும் கீழ்ப் போல்டைக் கையால் திருகிக்கொண்டிருக்கும்போது உள்ளே ரெலிபோன் அடித்தது. உம்முடைய அண்ணர் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"கொழும்பிலயிருந்து உம்மட அம்மா! ஓடி வாரும், கட்டாகப் போகுது!"

அம்மா சண்டைக்கு நடுவே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தாரா என்று தெரியாமல் நாங்கள் தவித்த மாதங்கள் அவை. கையில் கிரீசோடு ஓடினேன். அம்மாவின் குரலைக் கேட்டு அழுது, முகம் கழுவி, திரும்பி வந்தபோது நீர் சக்கரத்தைப் பூட்டி, காரைக் கீழே இறக்கியிருந்தீர். அம்மாவைப் பற்றிக் கேட்டீர். நான் அம்மாவைப் பற்றித்தான் சொன்னேன். அந்தப் போல்டைப் பற்றி நீர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, டிசம்பரில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, பின்னேர வேலைக்குப் போன உம்முடைய கார் ஃபிஞ்ச் வீதியில் பாதையை விட்டு விலகிப் போய் ஒரு மின்கம்பத்தில் மோதியது. வேறு ஒருவருக்கும் காயமில்லை. ஆசுபத்திரியில் உம்மைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். நீர் கண் திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் போய்விட்டீர்.

பிறேக் போட்ட அடையாளமே ரோட்டில் இல்லை என்று பொலிஸ்காரர் சொன்னார். விசாரணை முடிய மாதங்கள் ஆகும் என்றும் சொன்னாராம். முதல் வசனத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இறுக்கினேனா? கையால் திருகியது நினைவிருக்கிறது. ஸ்பனரை எடுத்தது நினைவில்லை. சமைக்கும்போது, குளிக்கும்போது, உம்முடைய சவப்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது, என் வலது கை தானாகவே ஒரு போல்டை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் போல்ட் கழன்றால் கலிப்பர் தூக்கிக்கொள்ளும். பிறேக் பிடிக்காது. அதைப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை உமக்கு வாசித்துச் சொன்னவளே நான்தானே?

செத்த வீட்டுக்கு வந்த அங்கிள் ஒருவர் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "பொம்பிளையள் வீட்டில கழட்டிப் பூட்டின காராம். பெடலில பலகைத் துண்டாம். பிறகென்ன நடக்கும்?"

உம்முடைய அண்ணர் சனம் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிறேக் பிடிக்கேல்லையோ?"

"தெரியாது" என்றேன்.

அவர் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தான் ஓட்டும் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினார். எங்களுடைய கார் ஸ்னோவுக்குக் கீழே அப்படியே கிடந்தது.

பெப்ரவரியில் எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. ஸ்பனர்களையும் ஜாக்கியையும் ஒரு சாமான் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, பழைய கார்களைக் குவித்து வைத்திருக்கும் யாட்டுக்குப் போனேன். உம்முடைய கார் அங்கேதான் கிடக்கிறது என்று பொலிசிலிருந்து கடிதம் வந்திருந்தது. என்ன பாகம் கழற்ற வந்தாய் என்று அங்கே நின்றவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், ஒரு போல்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானே வந்து அந்தக் காரைச் சுற்றியிருந்த பனியைச் சவளால் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வலது பக்கம் சப்பளிந்து கிடந்தது. இடது பக்கம் ஒன்றும் ஆகவில்லை. முதலில் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். கிளச் பெடலில் என்னுடைய பலகைத் துண்டு அசையாமல் இருந்தது. அப்படியே போய்விடலாமா என்று நினைத்தேன் மச்சாள். தெரியாமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. பிறகு ஜாக்கியை வைத்தேன்.

சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, கையுறையால் அழுக்கைத் துடைத்தேன். போல்ட் இருந்தது. அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

நகப்பூச்சு.

நீர் நகத்தில் பூசி நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் தொழிற்சாலையில் உம்முடைய தையல் மெசினின் ஆணிகளை இறுக்கியதும் இப்படி ஒரு கோடு போடுவதாகச் சொல்லியிருக்கிறீர். மெசின் அதிர்ந்து ஆணி கழன்றால், கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கோடு உடையவில்லை. நீர் போட்டபடியே நேராக இருந்தது. ஸ்பனரைப் போட்டு இழுத்தும் பார்த்தேன். போல்ட் ஒரு மயிரிழையும் அசையவில்லை.

அந்தப் பனிக்குள்ளேயே இருந்துவிட்டேன். அழுதேனா, சிரித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு மேலாக உள்ளே போகாமல் நின்ற மூச்சு அன்றைக்குத்தான் முழுதாக உள்ளே போனது.

நான் ரெலிபோனில் கதைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தானே பார்த்தீர்? போல்ட் தளர்ந்து இருந்ததா? இறுக்கிவிட்டு, அம்மாவின் கதையை நான் சொல்லும் நேரத்தில் இதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டீரா? இல்லாவிட்டால் நான் இறுக்கித்தான் இருந்தேனா? எனக்கு இனித் தெரியப் போவதில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என் கை விட்டிருந்தாலும் உம்முடைய கை விடவில்லை.

வீட்டுக்கு வந்து உம்முடைய அண்ணரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப ஏனப்பா கார் நிக்கேல்லை?"

அதற்குப் பதில் ஏப்ரலில் வந்தது. மரண விசாரணை செய்த டொக்டரின் கடிதம். விளங்காத இடங்களைக் கேட்க நானே போன் பண்ணினேன். உம்முடைய தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. மோதியதால் வெடித்ததல்ல, வெடித்ததால்தான் மோதியது என்றார். அது எப்போதோ இருந்த பலவீனம், யாருக்கும் தெரிந்திருக்காது, தையல் மெசினுக்கு முன்னால் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றார். கார் கம்பத்தை நோக்கிப் போனபோது உமக்கு நினைவே இருந்திராதாம். பயந்திருக்க மாட்டீராம்.

அந்தக் கடைசி வசனத்தை நான் தமிழில் சொன்னபோது உம்முடைய அண்ணர் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். தங்கச்சி பிறேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துப் பயந்து செத்தாள் என்றுதான் அவர் அதுவரை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதை என்னிடம் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று சொல்லாமல் இருந்தாராம். பாரும், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம்.

கோடையில் இன்னொரு பழைய சுபாரு வாங்கினேன். உம்முடையதைப் போலவே ஸ்ரேஷன் வாகன், இது நீலம். இதிலும் எஞ்சினுக்கு மேலேதான் ரயர் படுத்திருக்கிறது. உம்மோடு வேலை செய்த இரண்டு பெண்களுக்கு அவர்களுடைய கார்களின் பிறேக்கையும் மாற்றிக் கொடுத்தேன். உம்முடைய அண்ணர் மட்டும் பஸ்ஸை விடவில்லை.

"உம்மில கோவமில்லை" என்றார் ஒருநாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. அவ்வளவுதான்."

நான் வற்புறுத்தவில்லை.

போன ஞாயிறு, திவசம் முடிந்த அடுத்த நாள், நீலக் காரின் முன் பிறேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கராஜ் கதவு திறந்தது. உம்முடைய அண்ணர் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார்.

"எந்தப் பக்கம்? நான் வாசிக்கட்டே?"

அவர் தமிழாக்கிச் சொன்னது பாதி பிழை. நான் திருத்தவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"வடிவா இறுக்கினீரோ?"

"ஓம். நீங்களும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன்."

முழங்காலில் நின்று, ஸ்பனரை வாங்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "ம், சரி" என்றார்.

நேற்றுக் காலை நல்ல ஸ்னோ. பஸ் வரவில்லை என்று தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்தார். காலிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, என் காரின் முன் சீற்றில் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டார். முதல் இரண்டு சிக்னலுக்கும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஷெப்பேர்ட் வீதி வந்ததும் கையை விட்டார். மக்கோவன் வீதி வருமுன் தலை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஒரு வருசமாக ஒழுங்கான நித்திரை இல்லாத மனுசன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் நான் எழுப்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரைக் குறைத்து வைத்துவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வேலைக்குப் பிந்தினால் பிந்தட்டும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சாள். இனி என் மனதில் ஒரு கேள்வி எழுந்தால், அதை அன்றைக்கே வாய் திறந்து கேட்பேன். உம்முடைய அண்ணரையும் கேட்க வைப்பேன். இந்த வீட்டில் இனி ஒருவரும் தனியாக எதையும் நினைத்து நினைத்துச் சாக மாட்டோம். நீர் நிம்மதியாக இரும்.

உம்முடைய அண்ணரின் மனைவி, அதற்கும் மேலே உம்முடைய கூட்டாளி,
மச்சாள் வதனி