சிவப்பு ஃபிரேம் யாருக்கு?

ராவென்னா, 9 மார்ச் 2004

அன்புள்ள ஒத்தாவியோ,

சனிக்கிழமை சைக்கிள் பட்டறையில் நான் உன்னிடம் சொல்லாதது: அந்தச் சிவப்பில் ஏறியபோது என் கால் தரையை எட்டவில்லை. சைக்கிளை நீ பிடித்திருந்ததால் உனக்குத் தெரியவில்லை. "எப்படி இருக்கு?" என்றாய். "அழகா இருக்கு" என்றேன், அது பொய்யில்லை. அறுபத்திரண்டாம் வருடத்துச் சிவப்பு ஃபிரேம், வேறெப்படி இருக்கும்? ஆனால் அக்டோபரில் நாம் போகும் பழைய சைக்கிள் ஓட்டம் நூற்றைம்பது கிலோமீட்டர் சரளைச் சாலை. நிற்குமிடமெல்லாம் விழுவேன். மூலையில் தொங்கிய சாம்பல் நிற ஃபிரேம் எனக்குச் சரியாக இருந்தது. நம் கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: சிவப்பை எனக்காகத்தான் பார்த்தாயா?

நீவெஸ்

அரெத்ஸோ, 15 மார்ச்

என் தங்கமே,

என்ன கேள்வி இது! அதன் குழாய் மூட்டுகளில் இழுத்திருக்கும் தங்கநிறக் கோடுகளைப் பார்த்தாயா? சீட்டை இறக்கினால் போதும். அந்தச் சாம்பலைக் கொண்டுபோனால், "தண்ணிக் குழாய்ல செஞ்சதா?" என்று சைக்கிள் கிளப் மொத்தமும் கேட்கும். அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டா, பொண்ணுக்கு சைக்கிள் பாக்குறியா, சைக்கிளுக்குப் பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் ஒத்தாவியோ

ராவென்னா, 21 மார்ச்

ஒத்தாவியோ,

சீட்டு இறங்கும், கால்களுக்கு நடுவே வரும் மேல்குழாய் இறங்காது. சீட்டுக்கடியில் ஒரு கைப்பிடி அளவுக்காவது கம்பி தெரிய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில். தொடைகளுக்கு நடுவே தடித்த புத்தகம் ஒன்றை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அளந்து பார். எனக்கு எண்பது சென்டிமீட்டர். உனக்கு?

நீவெஸ்

அரெத்ஸோ, 2 ஏப்ரல்

நீவெஸ்,

எழுபத்தொன்பது. டேப் பிடித்தது அம்மா, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ வருவதற்கு முந்தைய வாரம் நானும் அந்தச் சிவப்பில் ஏறிப் பார்த்தேன். பட்டறை நாயின் மேல் விழுந்தேன். ஆனாலும் விட மனம் வரவில்லை. உனக்கென்று சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுமே என்று நினைத்தேன். உனக்காகப் பார்க்கவில்லை. நீ சாம்பலை எடுத்துக்கொள். கோபமா?

ஒத்தாவியோ

ராவென்னா, 6 அக்டோபர்

அன்புள்ள ஒத்தாவியோ,

கை எப்படி இருக்கிறது? அத்தனை பேர் சொல்லியும் சிவப்பில்தான் வருவேன் என்றாய். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்திய முதல் மேசையிலேயே, கால் எட்டாமல் சூப் அண்டாவோடு சாய்ந்தாய். "நீ போ, நான் வந்துருவேன்" என்று தரையில் கிடந்தபடி கத்தினாயே, அப்போதுதான் கோபம் போனது.

சாம்பலில் இருட்டுவதற்குள் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நாளெல்லாம் காக்கவைத்து ஒருவழியாக உனக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் வைத்து உன் அம்மாவும் நானும் சிவப்பை, ஓட்டத்துக்கு வந்திருந்த ஒரு நெட்டை நார்வேக்காரருக்கு விற்றுவிட்டோம். அவர் அதிலேயே ஏறிப் போய்விட்டார். கல்யாணம் பேசியபடியே மே மாதம்தான்.

நீவெஸ்