இரண்டு மேயர்களும் பெஸோன் ஆறும்

ஜனவரி 14, திங்கள்

திங்களும் வியாழனும் எனக்குச் செர்வாக் மேயர் அலுவலகம். செவ்வாயும் வெள்ளியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லூபியாக்கில். பதினோரு வருடமாக இரண்டு ஊருக்கும் நான் ஒருத்திதான் செயலாளர்.

இன்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். செர்வாக் பள்ளியில் ஏழே பிள்ளைகள், அதனால் செப்டம்பரில் மூடுகிறார்கள். இரண்டு ஊரும் ஒரே ஊராகி, பள்ளியே இல்லாத லூபியாக்கின் எட்டுப் பிள்ளைகளும் இங்கே வந்தால் மூன்று வருடம் கை வைக்க மாட்டார்களாம். என் லூசியும் அந்த ஏழில் ஒருத்தி. ஆறு வயதுக் குழந்தை விடிவதற்கு முன்னால் பனியில் தூரத்துப் பள்ளிக்குப் போகும் வேனுக்கு நிற்க வேண்டுமா?

ஜனவரி 15, செவ்வாய்

லூபியாக் மேயர் தெல்ரியூவிடம் சொன்னேன். "இணையலாமே! பேரு மட்டும் லூபியாக்னு இருக்கட்டும்" என்றார், பெரிய மனதோடு.

ஜனவரி 17, வியாழன்

செர்வாக் மேயர் ஷாசாங் அம்மாள் கொதித்துவிட்டார். "லூபியாக்கா? அந்தாளு ஊருல தெருவிளக்கே ஒழுங்கா எரியாது! செர்வாக்னு பேரு வைக்கலைன்னா பள்ளிக்கூடமே வேணாம்."

வேணாமாம்! இவங்க பிள்ளைங்க வளர்ந்து லியோன்ல இருக்காங்க. இவங்களுக்கென்ன?

பிப்ரவரி 22, வெள்ளி

இரண்டு ஊர் மன்றங்களும் சேர்ந்து கூட்டம். இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாம் என்று முடிவு. எது முதலில் என்று இரண்டு மணி நேரம். முடிவு ரத்து.

மார்ச் 7, வியாழன்

ஒன்றும் நகரவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஏதோ படிவத்தில் 'கான்தால் மாவட்டம்' என்று ஆயிரமாவது தடவையாக எழுதும்போது கை நின்றது. பிரெஞ்சுப் புரட்சி நாளில் இந்த மாவட்டத்தைப் பிரித்தபோதும் இதே குடுமிப்பிடிதானே?

தெல்ரியூவிடம் ஓடினேன். "ஓரியாக்கும் சேன்-ஃப்ளூரும் மாவட்டத் தலைநகருக்கு அடிச்சுக்கிட்டாங்கல்ல..."

"மாத்தி மாத்தி வச்சுக்கலாம்னாங்க. கடைசில ஓரியாக் மொத்தமா முழுங்கிடுச்சு. மறந்துட்டியா?"

"தலைநகர விடுங்க. ரெண்டு ஊருப் பேரையுமே வைக்கலையே, கான்தால்னு மலைப் பேரத்தானே வச்சாங்க?"

"நமக்கு ஏது மலை?"

"நடுவுல ஆறு ஓடுதே, பெஸோன்."

ஜன்னலைத் திறந்து ஆற்றை எட்டிப் பார்த்தார். "எங்க பக்கம்தான் அகலம் ஜாஸ்தி" என்றார். சம்மதித்துவிட்டார்!

மார்ச் 21, வியாழன்

ஷாசாங் அம்மாளிடம் யோசனையைச் சொல்லி, "தெல்ரியூவுக்குத்தான் அவ்வளவா பிடிக்கல" என்றும் சொன்னேன். உடனே, "அருமையான பேராச்சே!" என்றார். பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தமே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு இரண்டு ஊர் மன்றங்களிலும் ரகசிய வாக்கெடுப்பு. வெள்ளிக்கிழமையாதலால் நான் லூபியாக்கில். சீட்டுகளை நானே பிரித்து எண்ணினேன். பதினொன்றில் ஆறு சம்மதம், ஐந்து மறுப்பு. ஒரே ஒரு சீட்டு வித்தியாசம்! பிறகு செர்வாக்கிலிருந்து ஃபோன், அங்கே ஒன்பதுக்கு இரண்டு.

எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். தெல்ரியூ கைக்குட்டையை நீட்டினார். "அழாத ரெஜின். அந்த அஞ்சு பேரு யாருன்னு எனக்குத் தெரியும்."

செப்டம்பர் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பதிவேட்டோடு வாசலில் நின்றேன், பதினைந்து பேரும் வந்தாயிற்று. மணி அடிக்கப் போகும்போது தெல்ரியூவின் கார் வந்து நின்றது. பேத்தி கிளமான்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டு வருடமாக அவள் சேன்-ஃப்ளூரில் தனியார் பள்ளியில் படித்துவந்தவள்.

ஷாசாங் அம்மாள் விடுவாரா? "என்ன, ஆத்தத் தாண்டி எங்க பக்கம்?"

"ஏன், எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்கு நான் வரக்கூடாதா?"

அந்த அம்மாள் கதவை அகலத் திறந்துவிட்டார். பதினாறாவது பெயரை எழுதினேன்.