ஷார்ஜா பிளேடு

திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பத்திரிகை வைக்க இன்னும் பதினோரு வீடு. பந்தல்காரர் போன் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். ஞாயிறு என் மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ்.

மதியம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா போன். என் மனைவி மெஹரின் அத்தா, என் மாமனார். எண்பத்தொரு வயது. சலாம் சொன்ன கையோடு, "மாப்ளே, ஷார்ஜா பிளேடு தீந்துபோச்சு. பேத்தி கல்யாணத்துக்கு நான் முள்ளம்பன்னியாட்டமா வர்றது?"

நான் ஷார்ஜாவை விட்டு ஊருக்கே திரும்பி வந்து ஆறு வருடம். கடைசியாகக் கொடுத்த ஒரு டப்பாவை இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்! பாவம் அந்தக் கன்னம். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து?

செவ்வாய்

நல்ல வெயில். பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கினேன். தைலக் குப்பி, அங்கே வேலை பார்த்த கடையின் பச்சைச் சட்டை, ஒரு காலி பிளேடு பாக்கெட். முன்னால் எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் பெயர். கடையின் சொந்த பிளேடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஷார்ஜா ரூம். ஆறு பேர், ஒரு கண்ணாடி, ஒரு குழாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் வரிசை. முகமெல்லாம் நுரையோடு திரூர்க்காரன் பாடுவான். "பாட்ட நிறுத்துடா, தண்ணி நின்னுடும்" என்று கிள்ளைக்காரர் கத்துவார். அன்று யாராவது ஒருவர் பிரியாணி செய்வார். எப்படா ஊர் போவோம் என்று கிடந்த இடம். இப்போது அதை நினைத்து ஏங்குகிறேன். என்ன மனசோ இது!

இங்கே எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். என் நிக்காஹ் லீவில் மாமாவுக்கு முதல் பாக்கெட் கொடுத்தேன். தெரு முழுக்கக் காட்டினார். "வெளிநாட்டு சரக்கு. வெண்ணெயில போறாப்ல போவுது." திரும்பிப் போய் அட்டைப்பெட்டி உடைக்கும்போதுதான் பார்த்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில், ஃபேக்டரி பெயர், ஊர், மேட் இன் இந்தியா.

எந்த முகத்தோடு சொல்வது? விலை ஸ்டிக்கர் ஒட்டும் மெஷின் என் கையில்தான் இருந்தது. அரபி எழுத்து ஸ்டிக்கரைச் சரியாக அந்த வரியின் மேல் ஒட்டினேன். ஒவ்வொரு லீவுக்கும், ஒவ்வொரு பாக்கெட்டிலும்.

புதன்

சிதம்பரம் கீழவீதியில் மூன்று கடை. மூன்றாவதில் கிடைத்தது. வேறு பெயர், நீல அட்டை. ஆனால் பின்னால் அதே ஃபேக்டரி, அதே ஊர். பிரித்துப் பார்த்தேன். அதே மெழுகுத் தாள், அதே மெல்லிய பிளேடு.

கடைக்காரர்: "இதெல்லாம் இப்ப யாரு பாய் வாங்குறா? எல்லாருக்கும் தூக்கிப்போடுற ரேசருதான்."

மெஹரிடம் ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "பழைய அட்டையில போட்டுக் குடுத்துடுங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். எனக்கும் அதுதான் சுலபம். ஆனால் மனசு ஒப்பவில்லை.

வியாழன்

மேகமூட்டம். ஒன்பது மணி பஸ்ஸில் கடலூர். மாமாவிடம் நீல அட்டையைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். காலி பாக்கெட்டின் ஸ்டிக்கரை அவரே நகத்தால் சுரண்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். திட்டுவார், பிறகு சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இத செய்யறது இங்க. இத அலமாரியில அடுக்க நீ அங்க. எம்பொண்ணு இருவது வருஷம் தனியா. என்னா மாப்ளே இது?"

வீடு கட்டினேன், ஷமீமாவைப் படிக்க வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

அவருடைய பழைய ஷேவிங் செட்டில் புது பிளேடைப் போட்டு நானே மழித்துவிட்டேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷமீமா மாப்பிள்ளைக்கு எத்தினி நாளு லீவு?" என்றார்.

"நாப்பத்தஞ்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை. ஷமீமாவை நான் முதலில் தூக்கியபோது அவளுக்குப் பதினான்கு மாதம். யாரோ என்று வீறிட்டாள். மெஹர் வாங்கிக்கொண்டாள். அன்று எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளை இர்ஃபானும் அவர் அத்தாவும் வந்தார்கள். கல்யாணக் கோட் சரியாக இருக்கிறதா என்று பேச்சு. இர்ஃபானுக்குக் கத்தாரில் வேலை. நல்ல பையன், குறை சொல்ல முடியாது.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னால் இதைக் கேட்கக் கூடாது, தெரியும். கேட்டேன். "ஷமீமாவ எப்ப கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

அடுப்படி வாசலில் மெஹர், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பாக்கலாம் மாமா. போயி ஃபேமிலி விசாவுக்கு எழுதிப் போடறேன்."

என் நிக்காஹுக்கு முன்னால் நான் மாமாவிடம் சொன்னதும் இதேதான், வார்த்தை மாறவில்லை. பொய்யாகச் சொல்லவில்லை. அவரும் நம்பி டீயைக் குடித்தார்.

"பாக்கலாம் வேணாம் மாப்பிள்ளை. எந்த மாசம்னு சொல்லுங்க."

சம்பந்தி முகம் கறுத்துவிட்டது. "என்னா பாய், இப்ப போயி..." என்று எழுந்தார். போச்சு, கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

மெஹர் டீத் தட்டோடு வெளியே வந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க தம்பி" என்றாள். "எந்த மாசம்?"