ஜப்பான் காலத்துக் கெண்டைகள்

அண்ணி,

இன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பெண்கள் நம் ஆற்றுக்கு வந்தார்கள். பழைய ரப்பர் ஆலைக்குக் கீழே தண்ணீர் எடுத்து, ஆராய்ச்சிக்கென்று போத்தலில் அடைத்தார்கள். ஒருத்தி தமிழ்ப்பிள்ளை. மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். புளிப்பும் அழுகல் முட்டையும் கலந்த அதே நாற்றம். ஆலையில் ரப்பர் ஷீட் அலசிவிட்டு வந்து நீங்கள் சோறு போடும்போது உங்கள் கையில் இருக்குமே, அது.

"பாட்டி, இந்த ஆத்துல திரும்ப மீன் விடப் போறோம். கடைசியா எப்போ நல்லா மீன் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஜப்பான்காரன் காலத்துல," என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது கஷ்ட காலம்னுல சொல்வாங்க?"

கஷ்ட காலந்தான். அதை மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தும் மனம் நிலைகொள்ளவில்லை. உங்களிடமே கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் ஆலை நின்றது. அதுவரை ஷீட் கழுவிய ஆசிட் தண்ணீர் வாய்க்கால் வழியே ஆற்றில் விழும். அதற்குக் கீழே யாரும் தூண்டில் போட்டதில்லை. ஆலை நின்ற பிறகு தண்ணீர் மெல்லத் தெளிந்தது. அதைப் பார்க்க நமக்கு ஏது மனம்? சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். என் அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்துக் கூலி லயத்து வீட்டில் நீங்களும் நானும் உங்கள் மகள் கண்மணியும். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. பிள்ளையின் கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது.

தோட்டத்து டிரஸ்ஸர் வெறும் கையை விரித்துக் காட்டினார். "மருந்து இல்லம்மா. மீனு, முட்டை ஏதாச்சும் குடுங்க."

ஆலைக்கு மேலே, மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பக்கம் வளைவில், கெண்டை கொஞ்சம் இருந்தது. லயத்து ஜனமெல்லாம் அங்கேதான் கூடியது. தெளிந்து கிடந்த கீழ் மடுவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டதை வேறு யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ரப்பர் பால் வாளிகளில் வெவ்வேறு இடத்துத் தண்ணீரை நிரப்பிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டீர்கள். மேல் தண்ணீரில் நீந்தின. கீழ் மடுத் தண்ணீரிலும் நீந்தின. மடுவின் அடிச்சேற்றைப் போட்டுக் கலக்கிய வாளியில் மட்டும் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு மிதந்தன.

"தண்ணி சரியாயிருச்சு தனம். சேறுதான் இன்னும் சரியாவல," என்றீர்கள்.

அதன்பிறகு கிழங்குக் கொல்லை வேலை முடிந்து வந்து சேறு அள்ளினோம். கருப்பாக, எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அடுத்த வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "சோத்துக்கு வழி இல்ல, சேறு அள்றாளுங்க லா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேறு குறைந்ததும், மேல் வளைவிலிருந்து முட்டையால் வயிறு பருத்த கெண்டைகளைப் பிடித்து, கீழ் மடுவில் விட வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்து வழியாக வந்தீர்கள். வாசலில் கண்மணி உட்கார்ந்திருந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

நான் கத்தினேன். "பெத்த புள்ள பசில கெடக்கு. நீங்க கொண்டுபோய்த் தண்ணில விடுறீங்களே, மனசு வருதா?"

"முட்டை இல்லாததெல்லாம் அவளுக்குக் கொழம்பு வச்சிருக்கேன்ல. இதையும் தின்னுட்டா அடுத்த மாசம் என்னத்தக் குடுப்பேன்?" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் வாளியைத் தரையில் வைத்து, மறுபடி தூக்கினீர்கள். நீங்கள் செய்வது சரிதானா என்று உங்களுக்கே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மழை விட்டதும் மடு முழுக்கக் குஞ்சு. அவை கொஞ்சம் வளர்ந்த சமயம், நம்மை வேலை வாங்கும் மண்டோர் தூபா வேரை இடித்து எடுத்து வந்தார். அதன் பாலைக் கலந்தால் மடுவிலுள்ள மீன் அத்தனையும் செத்து மிதக்கும். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டீர்கள்.

"தள்ளு. ஆறு என்ன உன் வீட்டு சொத்தா?"

"வேரைக் கலந்தா குஞ்சும் போயிரும்ணே. கூடை போட்டு பெருசா உள்ளத நானே புடிச்சுத் தாரேன். இன்னைக்கே தாரேன்."

"எம்மவன் கண்ணே தொறக்க மாட்றான்," என்றார் அவர். சொன்னவர் அப்படியே கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அன்று பிடித்த மீன் முழுவதும் அவர் வீட்டுக்குப் போனது. வேரை அவர் மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார். மறுநாளிலிருந்து லயத்தில் எல்லோரும் கூடைதான் போட்டார்கள். கண்மணியின் கால் வீக்கம் வடிந்தது. மண்டோர் மகன் பிழைக்கவில்லை.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. ஆலை திறந்தது, அரிசி வந்தது, உங்களுக்குப் பழைய வேலையும் கிடைத்தது. கழுவிய தண்ணீரை ஒரு குழியில் தேக்கி வைத்துப் பிறகு ஆற்றில் விடலாமே என்று ஆபீஸ் கிராணியிடம் கேட்டீர்கள். "ரப்பர் வேணுமா, மீன் வேணுமா?" என்றார். ஆசிட் தண்ணீர் மறுபடி விழ, சீக்கிரமே மடுவில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. அன்று மாலை அரிசி களைந்துகொண்டே கேட்டீர்கள்: "தனம், இப்ப நாம சந்தோசப்படணுமா, அழணுமா?"

நான் அடுப்பில் உலை வைத்தேன். சோறு வெந்ததும் மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

ஜப்பான் காலம் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் அண்ணனைச் சொல்வேன், கிழங்கைச் சொல்வேன். ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை. கண்மணி எழுந்து நடந்த நாள், மூவரும் மடுவில் குளித்தோம். குஞ்சுகள் வந்து காலைக் கொத்தின. கண்மணி கூச்சத்தில் துள்ளினாள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அடுத்த நொடியே ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். "அவரு அங்க என்ன பாடுபடுறாரோ. நான் இங்க சிரிக்கிறேனே, தனம்."

அந்தச் சிரிப்பைச் சந்தோசக் கணக்கில் வைப்பதா, கஷ்டக் கணக்கில் வைப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அண்ணி. தெரியாமலேதான் வைத்திருக்கிறேன்.

உங்கள்
தனம்